டர்போவா, போர்ட்டிங்கா? ரோட்டரி கார் வைத்திருக்கும் தம்பிகளுக்கு

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டரி இன்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் காரை ரோட்டில் ஓட்டுகிறவருக்குக் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் டர்போ பக்கம் போவதுதான் சரி. ரேஸ் ட்ராக்கில் மட்டும் ஓட்டுகிறவருக்கு போர்ட்டிங் சரி. டர்போவை முறையாகச் செய்யப் பணம் போதாதவர் இரண்டையும் விட்டுவிட்டு, இருக்கிற இன்ஜினை நன்றாகப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது சரி. இந்த மூன்றாவது வரியைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

கோயில், சாப்பாடு, பழைய ரயில் பயணம் என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீரென்று இங்கே எதற்கு வந்தான் என்று சிலர் கேட்கலாம். ஆக்லாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் 1989-ஆம் வருஷத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றை வாங்கியிருக்கிறான். டர்போ இல்லாத மாடல். ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் ஊர் அது. ரோட்டரி என்றால் உயிரை விடுகிற கூட்டம் அங்கே நிறைய. அவனுக்கும் அந்தக் கூட்டத்தில் நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு கட்சி டர்போ போடு என்கிறது. இன்னொரு கட்சி இன்ஜினைப் பிரித்து போர்ட்டிங் பண்ணு என்கிறது. "மாமா, நீங்க முப்பது வருஷம் இன்ஜினோட இருந்தவர். எதைச் செய்யட்டும்?" என்று கேட்டான்.

அவனிடம் இருப்பது ஒரே இன்ஜின், கொஞ்சம் சேமிப்பு. தப்பாகப் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்.

ரோட்டரி இன்ஜினைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் லேசாகப் புடைத்த முக்கோணம் ஒன்று, இடுப்பு கொஞ்சம் ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுற்றுகிறது. அந்த முக்கோணம்தான் ரோட்டர். அதன் மூன்று பக்கங்களுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள். ஓர் அறை காற்றை இழுக்கும்போது அடுத்தது அழுத்தும், மற்றொன்று எரிந்து தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் சுவரை உரசிக்கொண்டே போகும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கும். ஏபெக்ஸ் சீல் என்று பெயர். இவன் வண்டியில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இந்த இன்ஜினை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வான்கெல். 1964-இல் என்எஸ்யு கம்பெனி அதைக் காரில் வைத்து விற்றது. லைசென்ஸ் வாங்கிய மாஸ்டா, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்களை உட்கார வைத்து, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் கைகழுவிய பிறகும் மாஸ்டா விடவில்லை. ஆர்எக்ஸ்-7 வந்தது 1978-இல். நம் பையனிடம் இருப்பது அதன் இரண்டாம் தலைமுறை. எஃப்சி என்பார்கள். உள்ளே 13பி என்ற இன்ஜின், இரண்டு ரோட்டர், அறைக்கு 654 சிசி, மொத்தம் 1308.

இப்போது போர்ட்டிங். இந்த இன்ஜினில் வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, ரோட்டரின் இரு பக்கமும் இருக்கும் இரும்புத் தட்டுகளில் ஓட்டைகள் உண்டு. சுற்றும் ரோட்டரின் பக்கவாட்டு முகமே அந்த ஓட்டைகளைத் திறக்கும், மூடும். ஆகவே ஓட்டையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அதுதான் டைமிங். விளிம்பை அரைத்து நகர்த்தினால், பிஸ்டன் இன்ஜினில் கேம் ஷாஃப்டை மாற்றியது போல. ஓட்டை சீக்கிரம் திறக்கும், தாமதமாக மூடும், அதிக நேரம் காற்று வரும்.

இதில் மூன்று படி. இருக்கிற ஓட்டையை அளவாகப் பெரிதாக்குவது ஸ்ட்ரீட் போர்ட். பழைய ஓட்டைக்கு மேலே புருவம் மாதிரி இன்னொரு ஓட்டையை வெட்டி, நடுவே சின்ன இரும்புப் பாலம் விட்டுவைப்பது பிரிட்ஜ் போர்ட். ரோட்டரின் மூலையில் இருக்கும் கார்னர் சீல் ஓட்டைக்குள் விழாமல் தாங்கிப்பிடிக்கத்தான் அந்தப் பாலம். மூன்றாவது பெரிஃபெரல் போர்ட். பக்கத் தட்டை விட்டுவிட்டு, கூட்டின் வளைந்த சுவரிலேயே துளை போட்டுக் காற்றை நேராக உள்ளே விடுவது.

படி ஏற ஏற ஒரு விஷயம் கூடிக்கொண்டே போகும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம் அது. அதிவேகத்தில் அது நல்லது. மெதுவாகச் சுற்றும்போது எரிந்த புகை புதுக் காற்றோடு கலந்துவிடும். ஒரு தடவை பற்றும், ஒரு தடவை பற்றாது. சிக்னலில் நிற்கும்போது அந்த வண்டிகள் "ப்ராப் ப்ராப்" என்று துடிக்கிறதே, அந்தச் சத்தத்துக்குக் காரணம் இதுதான். பையன்கள் மயங்குவது அந்தச் சத்தத்துக்குத்தான் என்பது என் சந்தேகம். கேட்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது இன்ஜின் சரியாக எரியாமல் போடும் சத்தம்.

டர்போ எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். ரோட்டரிக்கு இது இயல்பாகவே பொருந்தும். இவன் வண்டி இன்ஜினில் புகை வெளியேறும் வழியில் வால்வு எதுவும் குறுக்கே நிற்பதில்லை. ஓட்டை திறந்ததும் சூடான புகை ஒரே வீச்சாக வெளியே பாயும். டர்போவுக்கு வேண்டியது அதுதான்.

மாஸ்டாவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது என்பது என் கட்சி. சந்தேகம் இருப்பவர்கள் அவர்கள் செய்ததை வரிசையாகப் பாருங்கள்.

என்எஸ்யு தன் ரோட்டு வண்டிகளுக்குப் பெரிஃபெரல் போர்ட் வைத்தது. மாஸ்டாவோ ஆரம்பத்திலிருந்தே பக்கத் தட்டில் ஓட்டை வைத்தது. குறைந்த வேகத்தில் நடுங்காமல், திணறாமல் ஓட வேண்டும் என்பதற்காக. 1968-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு காஸ்மோ கார்களை அனுப்பினார்கள். அந்த ரேஸ் இன்ஜின்களில் பக்கவாட்டு வழி, பெரிஃபெரல் வழி இரண்டுமே இருந்தன. மெதுவாகச் சுற்றும்போது பக்கவாட்டு வழி, வேகம் ஏறியதும் ஒரு தகட்டு வால்வு பெரிஃபெரல் வழிக்கு மாற்றிவிடும். ஒரு கார் நான்காவதாக வந்து முடித்தது. பெரிய ஓட்டை மேல்வேகத்துக்குத்தான், கீழ்வேகத்துக்கு ஆகாது என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரியும்.

பிறகு ரோட்டு வண்டிக்குக் கூடுதல் சக்தி தேவைப்பட்டபோது என்ன செய்தார்கள்? 1982-இல் காஸ்மோவிலும், 1983-இல் ஜப்பானில் விற்ற ஆர்எக்ஸ்-7-லும் டர்போ வைத்தார்கள். 1985-இல் வந்த எஃப்சியில் இன்டர்கூலரோடு டர்போ. 1991-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஒன்றுக்கு இரண்டு டர்போ. முதலாவது கீழ்வேகத்திலேயே வேலை செய்யும், சுமார் 4500 சுற்றில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். அடியிலிருந்தே இழுவை வேண்டும் என்பதற்காக அத்தனை குழாய், அத்தனை வால்வு.

அதே 1991-இல் லமான் 24 மணி நேர ரேஸை 787பி வென்றது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. அதில் நான்கு ரோட்டர், பெரிஃபெரல் போர்ட், டர்போ இல்லை. 9000 சுற்றில் ஏறக்குறைய 700 குதிரைசக்தி. போர்ட்டிங் கட்சிக்காரர்கள் எப்போதும் முன்னால் நிறுத்தும் சாட்சி இந்தக் கார்தான். "டர்போ இல்லாமலே லமான் ஜெயித்தார்களே" என்பார்கள். ஜெயித்தார்கள். ஆனால் அந்தக் கார் பால் வாங்கப் போகவில்லை, சிக்னலில் நிற்கவில்லை. 24 மணி நேரமும் மேல்வேகத்திலேயே சுற்றியது. அதற்கும்கூடக் காற்று வரும் குழாயின் நீளத்தை ஓட ஓட மாற்றும் ஏற்பாடு வைத்துத்தான் நடுவேகத்தில் இழுவையைக் காப்பாற்றினார்கள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ரேஸுக்குப் போர்ட், ரோட்டுக்கு டர்போ. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் என் வாதம் நிற்பது அதில்தான்.

1989-இல் அமெரிக்காவில் விற்ற எஃப்சியை எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாததற்கு 160 குதிரைசக்தி, டார்க் எனப்படும் முறுக்கு விசை சுமார் 190 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளதற்கு 200 குதிரைசக்தி, சுமார் 266 நியூட்டன் மீட்டர். உச்ச சக்தியில் வித்தியாசம் 25 சதவீதம். டார்க்கில் வித்தியாசம் 40 சதவீதம். டர்போ வண்டி அந்த 266-ஐ 3500 சுற்றிலேயே எட்டிவிடும். அந்த இடத்தில் அதன் சக்தியைக் கணக்குப் போட்டால் 131 குதிரை வரும். டர்போ இல்லாத வண்டியும் அதே 3500-இல் தன் முழு டார்க்கையும் கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 93-தான். வித்தியாசம் 38 குதிரை. உச்சத்தில் 40 குதிரை வித்தியாசம் என்றால், பாதி வேகத்திலேயே ஏறக்குறைய அத்தனையும் காலடியில் வந்துவிடுகிறது.

போர்ட்டிங்கால் இது முடியாது. ஓட்டையைப் பெரிதாக்கினாலும் அறை அதே 654 சிசிதான். காற்றை உள்ளே தள்ளுவதும் வெளியே இருக்கும் அதே காற்றழுத்தம்தான். ஆகவே ஒரு தடவைக்கு உள்ளே வரும் காற்று பெரிதாகக் கூடாது. போர்ட்டிங் செய்வது என்னவென்றால், அதே டார்க்கை இன்னும் மேல்வேகம் வரை விழாமல் பிடித்துக்கொள்வது. 190 நியூட்டன் மீட்டரை 8500 சுற்று வரை பிடித்துக்கொண்டால் 227 குதிரை வரும். காகிதத்தில் டர்போவைவிட அதிகம். ஆனால் அந்த 227-ஐப் பார்க்க 8500 வரை மிதித்தாக வேண்டும்.

எங்கே போய் மிதிப்பது? நியூசிலாந்தில் ஊருக்கு வெளியே சாதாரண ரோட்டில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். இவன் வண்டி இரண்டாவது கியரில் ஏறக்குறைய 7000 சுற்றில் அந்த 100-ஐத் தொட்டுவிடும். ஐந்தாவது கியரில் 100-இல் போகும்போது இன்ஜின் 3000 சுற்றைக்கூடத் தொடாது. அதாவது அவன் தினமும் ஓட்டும் இடத்தில் போர்ட்டிங் எதையும் கொடுக்காது. பெரிய போர்ட் என்றால் இருப்பதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

போன வருஷம் அங்கே ஆறு வாரம் தங்கியிருந்தபோது இரண்டு விதத்திலும் உட்கார்ந்து பார்த்தேன். அவன் நண்பன் ஒருவனின் பிரிட்ஜ் போர்ட் வண்டியில் பீஹா கடற்கரைக்குப் போகும் மலைப்பாதையில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் கியர் குறைத்து, உறும விட்டு, சரியான வேகம் வந்ததும் அம்பு மாதிரி பாயும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஊருக்குள் நெரிசலில் அந்தப் பையன் கிளட்ச்சோடு பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேறொருவரின் டர்போ எஃப்சியில் அதே மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறினோம். மிதித்ததும் ஒரு நொடி யோசித்தது, அப்புறம் முதுகைப் பிடித்துத் தள்ளியது. சத்தம் குறைவு, பிக்கப் அதிகம். காரை ரசிப்பது என்றால் இரண்டுமே ரசனைதான். தினமும் ஆபீஸ் போய் வருவதென்றால் எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, டர்போவுக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். "டர்போ போட்ட ரோட்டரி சீக்கிரம் செத்துவிடும்" என்பது பெரிய குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு.

நான் வேலை பார்த்த காலத்தில் கை பட்டதெல்லாம் டீசல் டர்போதான். டீசல் இன்ஜின் பொறுமைசாலி. காற்றைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் கோபித்துக்கொள்ளாது. லாரி டர்போவைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்கள் அதே கண்ணோடு ரோட்டரியைப் பார்க்கக்கூடாது. பெட்ரோலில் காற்று அதிகமாகி பெட்ரோல் போதாமல் போனாலோ, பொறி சீக்கிரம் விழுந்தாலோ, கலவை பட்டென்று வெடிக்கும். நாக்கிங் என்கிறோமே, அது. பிஸ்டன் இன்ஜின் கொஞ்ச நேரம் கிணுகிணு என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். ரோட்டரியில் அந்த அடி நேராக ஏபெக்ஸ் சீலின் மேல் விழும். அந்த 2 மில்லிமீட்டர் பட்டை ஒரே அடியில் உடையலாம். ஒரு சீல் உடைந்தால் அதன் இருபுறமும் உள்ள இரண்டு அறைகள் போச்சு. உடைந்த துண்டு சுவரைக் கீறி, ரோட்டரைக் குத்தி, வெளியே போகும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் அடித்துவிட்டுப் போகும். ஒரு நொடியில் இன்ஜினும் டர்போவும் சேர்ந்து காலி.

இது டர்போவின் குற்றமா? பெட்ரோலும் குளிர்ச்சியும் போதாமல் காற்றை மட்டும் கூட்டியவரின் குற்றம் என்பேன். பூஸ்டை அளவோடு வைத்து, பெட்ரோலைத் தாராளமாகக் கொடுத்து, சூட்டைக் கட்டுக்குள் வைத்தவர்களின் வண்டிகள் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன.

போர்ட்டிங்கில் இப்படி ஒரு நொடியில் சாவு இல்லை, அது பெரிய நன்மைதான். ஆனால் வேறொரு குறை உண்டு. வெட்டிய இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. டர்போ பிடிக்கவில்லை என்றால் கழற்றி விற்கலாம். பிரிட்ஜ் போர்ட் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேட வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தட்டுகள் கிலோ கணக்கில் கடையில் கிடைப்பதில்லை. வெட்டும் கை கொஞ்சம் தவறினால் தண்ணீர் ஓடும் அறையில் போய் நிற்கும். விளிம்பைச் சரியாகச் சரிவாக்காமல் விட்டால் சைடு சீலின் முனை போய் மாட்டும். முதல் தடவை கிரைண்டர் பிடிப்பவன் தன்னிடம் இருக்கும் ஒரே இன்ஜினில் பழகக்கூடாது.

இனி டர்போ வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, டர்போ இல்லாத இன்ஜினின் தலையில் டர்போவைக் கட்டாதீர்கள். 1989 எஃப்சியில் டர்போ இல்லாத இன்ஜினின் அழுத்த விகிதம் 9.7, டர்போ இன்ஜினின் விகிதம் 9.0. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். நாக்கிங் வரும் எல்லையில் அதுதான் உயிர் காக்கும். டர்போ மாடலின் கியர் பாக்ஸும் இன்னும் பலமானது. அதனால் பழைய டர்போ எஃப்சி ஒன்றிலிருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். மாஸ்டா இன்ஜினியர்கள் செய்து முடித்த வேலையை நாம் ஏன் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்?

இரண்டாவது, செலவின் வரிசை. பணத்தை முதலில் ரேடியேட்டரிலும் ஆயில் கூலரிலும் போடுங்கள். ரோட்டரைக் குளிர வைப்பது எண்ணெய்தான், அதனால் ஆயில் கூலர் இங்கே அலங்காரம் இல்லை. அலுமினியக் கூடும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கிய இன்ஜின் இது. அதிகமாகச் சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும், நடுவே இருக்கும் தண்ணீர் சீல் கெடும். அடுத்து பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர். அடுத்து பெட்ரோல் கலவையையும் பூஸ்டையும் காட்டும் மீட்டர்கள். அதற்கு அடுத்து நல்ல ட்யூனரின் கூலி. பூஸ்டைக் கூட்டுவது கடைசி. பெரும்பாலான பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது, சைலன்சரை மாற்றுவதில் உள்ள பொறி. எஃப்சி டர்போவில் அகலமான சைலன்சர் குழாயை மட்டும் மாட்டினால்கூட பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். கூடுதல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு அங்கே சிறியது. சத்தத்துக்காகக் குழாய் மாற்றி இன்ஜினைக் கொன்றவர்கள் உண்டு.

நான்காவது, காகித வேலை. நியூசிலாந்தில் இப்படி மாற்றிய வண்டிக்கு எல்விவி என்கிற சான்றிதழ் தேவைப்படும். வேலை ஆரம்பிக்கும் முன்பே சான்று கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிட வேண்டும்.

போர்ட்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. சீல்கள் தேய்ந்து, எப்படியும் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அனுபவமுள்ள கை ஒன்றைக் கொண்டு அளவான ஸ்ட்ரீட் போர்ட் செய்துகொள்வது நல்ல யோசனை. ஐடில் பெரிதாகக் கெடாது, கூடுதல் கூலியும் அதிகம் இருக்காது. டர்போ இன்ஜினிலும் அது நன்றாகவே சேரும். இதற்காக மட்டும் நல்ல இன்ஜினைப் பிரிப்பதுதான் வேண்டாத வேலை. ஹாம்ப்டன் டவுன்ஸ் மாதிரி ட்ராக்கில் வார இறுதியில் மட்டும் ஓட்ட, ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்றால் பிரிட்ஜ் போர்ட்டைத் தாராளமாகச் செய்யலாம். அங்கே டர்போவின் சூட்டோடு போராட வேண்டாம், மிதித்த அளவுக்கு உடனே பதில் கிடைக்கும், மேல்வேகத்தை விட்டு இறங்கவே தேவையில்லை.

2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் மாஸ்டா புகை போகும் ஓட்டையையும் பக்கத் தட்டுக்கே மாற்றிவிட்டது. டர்போ இல்லாமலே ஜப்பானில் அதன் மேல் மாடல் 8500 சுற்றில் 250 குதிரைசக்தி கொடுத்தது. அங்கே போர்ட்டிங்குக்கு அதிக இடமில்லை. நடுத் தட்டில் இரண்டு ரோட்டருக்கும் புகை வழி பொது என்பதால் சூடு அங்கே குவியும். அழுத்த விகிதமும் 10. டர்போவுக்கு ஏற்ற வீடு இல்லை அது. அந்த வண்டியை அப்படியே ரசித்து ஓட்டுங்கள் என்பேன்.

மாஸ்டா கடைசியில் டர்போவைக் கைவிட்டதே, அது என் வாதத்துக்கு எதிர் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைக் கட்டுப்பாடும் பெட்ரோல் செலவும் நெருக்கியபோது புதிய இன்ஜினையே வரைந்தார்கள். பழைய 13பி-யைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது அவர்கள் அந்த இன்ஜினுக்குச் சொன்ன விடைதான்.

எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னால் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இதற்குப் போதாது. அது மூன்று அறைகளில் அதிகமானதை மட்டும் காட்டிவிட்டு, செத்துப்போன அறையை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி, ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அளவு காட்டும். இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள். ஆறும் நன்றாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம், அதைப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு எண்கள் விழுந்திருந்தால் நடுவில் ஒரு ஏபெக்ஸ் சீல் கிளம்பத் தயாராகிவிட்டது. அப்போது டர்போவும் வேண்டாம், போர்ட்டிங்கும் வேண்டாம். சேமித்த பணம் முதலில் அந்த இன்ஜினைச் சரிசெய்யப் போகட்டும்.